மேசைமேல் ஒரு பட்டறை – 6: சுழிக்குள் நுழையாத கத்தி

சிஎன்சி எந்திரத்துக்குப் படம் புரியாது. எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், என்ன வேகத்தில் நகர வேண்டும் என்று வரிவரியாகச் சொன்னால்தான் அது அசையும். அந்த வரிகளுக்குப் பெயர் ஜி-கோட். ஜி0 என்றால் வெட்டாமல் விரைந்து நகர்வது. ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிச் செல்வது. எம்3 வந்தால் கத்தியைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டில் சுழலும். படத்தை இந்த வரிகளாக மாற்றித் தருவதுதான் கேம் மென்பொருள்.

பினாங்கில் இந்த வித்தை புதிதல்ல. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலத்துக்கு 1972இல் இன்டெல் வந்தது முதல், தொழிற்சாலைகளுக்குத் துல்லிய உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் தீவில் பெருகின. அங்கெல்லாம் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆள் இருப்பார். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியில் 3018 எந்திரம் வாங்கி வைத்திருப்பவருக்கு அவரேதான் ஆள். 300-க்கு 180 மி.மீ. இடத்தில் வெட்டும் இந்தச் சிறிய எந்திரங்களில் பெரும்பாலானவை ஜிஆர்பிஎல் என்ற இலவச நிரலில் ஓடுகின்றன.

ரப்பர் மரப் பலகையில் ‘அன்பு இல்லம்’ என்று பெயர் செதுக்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் தடங்கல் எழுத்திலேயே வரும். எல்லா கேம் மென்பொருளுக்கும் தமிழ் கோக்கத் தெரியாது. ‘பு’ உடைந்து, பகரம் ஒரு பக்கமும் உகரக் குறி ஒரு பக்கமுமாக நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோனால் சிக்கல் தீரும். அளவை மட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பழைய இங்க்ஸ்கேப் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கிட்டது, இப்போது 96. கணக்கு மாறினால் 250 மி.மீ. படம் 234 ஆகச் சுருங்கிவிடும்.

அடுத்தது சுழி. எழுத்து மேடாக நிற்க வேண்டுமானால் சுழியின் உட்புறத்தைக் குடைய வேண்டும். கத்தியின் விட்டம் 3.175 மி.மீ., சுழியின் உள்ளிடம் 3 மி.மீ. என்றால் கத்தி நுழையாது. பல மென்பொருள்கள் வாய் திறக்காமல் அந்த இடத்தை விட்டுவிடும். அகரம் சுழி அடைபட்டு வெளியே வரும். எழுத்தைப் பள்ளமாகச் செதுக்கினால் கூர்முனை கொண்ட வி வடிவக் கத்தியான வி-பிட் கைகொடுக்கும். 60 பாகை வி-பிட், 5 மி.மீ. அகலக் கோட்டுக்கு ஏறத்தாழ 4.3 மி.மீ. இறங்கும், கோடு மெலியும் இடத்தில் தானே மேலேறும். தமிழ் எழுத்துக்கு இதுவே அழகு.

வேகத்துக்கு ஒரு பெருக்கல் போதும்: நிமிடச் சுற்று, கத்தியின் வெட்டுவிளிம்புகள், ஒரு விளிம்பு ஒரு சுற்றில் சீவும் கனம். 10,000 சுற்று, 2 விளிம்பு, 0.03 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 600 மி.மீ. பயந்து மெதுவாக ஓட்டினால் கத்தி சீவாது, உரசும், மரம் கருகும். 3018இன் மெல்லிய சட்டத்துக்கு ஒரு முறைக்கு அரை மி.மீ. ஆழம் தாராளம்.

மென்பொருளில் எது? உலாவியிலேயே ஓடும் ஈசல் மிக எளிது (சிறகு முளைத்த கறையானுக்கும் இதற்கும் உறவில்லை). வரைவதும் வெட்டுப்பாதை பார்ப்பதும் ஒரே திரையில். கார்பைட் கிரியேட் அதற்கடுத்த படி. பெயர்ப்பலகையே தொழில் என்றால் காசு கொடுத்து வெக்ட்ரிக்கின் வி-கார்வ் வாங்கலாம். ஃபியூஷன் 360 என்று முன்பு அழைக்கப்பட்ட ஃபியூஷன் வல்லமை மிக்கது. ஆனால் அதன் இலவசப் பதிப்பில் 2020 முதல் ஜி0 விரைவோட்டம் கிடையாது, பலகைக்குப் பலகை நேரம் போகும். ஃப்ரீகேட் முழு இலவசம், பொறுமை வேண்டும். முதல் பலகைக்கு ஃபியூஷன் தேவையே இல்லை.

எதைத் தேர்ந்தாலும், எந்திரத்துக்கு ஏற்றபடி ஜி-கோடை எழுதித் தரும் போஸ்ட் பிராசசர்களின் பட்டியல் அதில் இருந்தால் ஜிஆர்பிஎல்லைத் தேர்ந்து, அளவை மில்லிமீட்டராகக் குறித்துவிடுங்கள். திரையில் ஒத்திகை ஓட்டி, சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பலகைக்கு 10 மி.மீ. மேலே பூஜ்யம் வைத்து, ஒருமுறை வெறும் காற்றில் ஓட்டுங்கள். ஒரு கை மின்சார சுவிட்சில் இருக்கட்டும்.