முள் காட்டாத சூடு

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் கவனிப்பது தண்ணீரின் வெப்பத்தை. எஞ்சினின் ஆயுள் இருப்பதோ ஆயிலின் வெப்பத்தில்.

குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில், தில்லி இன்னும் ரஜாய்க்குள் சுருண்டிருக்கும்போதே, நகரின் பங்களாக்களிலிருந்து சில கார்கள் உறுமியபடி வெளியே வரும். விலை கோடிகளில். ஐந்தே நிமிடத்தில் டாஷ்போர்டில் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்து நின்றுவிடும். ரிங் ரோடு காலி. கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். எஞ்சின் அதிகம் தேய்வது இந்தக் கட்டத்தில்தான்.

காரணம், அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடாக இரண்டு, மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். தண்ணீர் 90 டிகிரியைத் தொடும்போது ஆயில் 50 டிகிரியில் சோம்பிக் கிடக்கலாம். சாதாரண 10டபிள்யூ-40 ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஆறேழு மடங்கு கெட்டியானது. சுழலும் கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது, தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் கெட்டியாக இருந்தால் இடுக்குகளுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். அளவுக்கு மீறி நீர்த்துப்போனால் படலமே கிழிந்துவிடும்.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாததல்ல. பிஎம்டபிள்யூ 1998-இல் கொண்டுவந்த எம்5 காரில், எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மீட்டரைச் சுற்றி விளக்குகளே வைத்தது. ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். அதுவரை அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. பல கார்களில் இன்று ஆயிலின் வெப்பம் திரையில் ஏதோ ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. தேடிப் பார்ப்பவர்கள் சிலர்தான்.

மறுகோடி, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத் தளம். 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த இந்த 5.125 கி.மீ. தளத்தில் சொந்தக் காரை ஓட்டிப்பார்க்க வருபவர்கள் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதை. அதன் முடிவில் கடும் பிரேக், கூர்மையான திருப்பம். சாலையில் 100 டிகிரியில் சமர்த்தாக இருந்த ஆயில், சில சுற்றுகளிலேயே 130-ஐத் தாண்டக்கூடும். 10 டிகிரி ஏறினால் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. திருப்பங்களில் இன்னொரு ஆபத்தும் சேரும். ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

இதற்கு போர்ஷே கண்ட வழி பழையது. 1998 வரை தயாரான பழைய வகை 911 எஞ்சின் காற்றால் குளிர்வதாகச் சொல்லப்பட்டாலும், பாதி வேலையைச் செய்தது ஆயில்தான். ஆயில் சம்ப்பில் தங்காமல் தனித் தொட்டியில் இருந்தது. 1969-இன் 911எஸ் மாடலில், பின்னால் இருந்த எஞ்சினிலிருந்து குழாய் வழியே காரின் முன்பக்கம்வரை ஆயிலைக் கொண்டுபோய்க் குளிரவைத்தார்கள்.

அதைப் பார்த்துப் பெரிய ஆயில் கூலராக வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது தவறு. கூலருக்கு தெர்மோஸ்டாட் வேண்டும். அது இல்லாவிட்டால் தில்லியின் ஜனவரியில் ஆயில் 70 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. இந்தியா கேட்வரை ஒரு சுற்று, ஒரு காபி, பிறகு வீடு என்று ஓடும் காருக்கும் இதே கதிதான். ஆயிலில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய்போல ஒரு படலம் தெரியும். நம் ஊர்ச் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் காரைக் கெடுப்பது சூட்டைவிடக் குளிர்தான் என்றால் வெயிலில் வெந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

கெட்டியான ஆயிலை ஊற்றுவதும் எல்லா வேளையிலும் மருந்தாகாது. கெட்டி ஆயில் சுழற்சியில் கூடுதல் சூட்டை உண்டாக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலோ கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

செய்யவேண்டியதற்குச் செலவில்லை. கிளம்பியதும் கால் மணி நேரம் 3,000 சுழற்சிக்குள் ஓட்டவேண்டும். பந்தயத் தளத்தில் ஆயில் 130-ஐ நெருங்கினால் ஒரு சுற்றை மேல் கியரில் மெதுவாகப் போகவேண்டும். ஓட்டி முடித்து பிட்டுக்குத் திரும்பியதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவது, குறிப்பாக டர்போ எஞ்சினில், பெரிய பிழை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. எஞ்சின் நின்றதும் ஆயில் ஓட்டமும் நின்று, கொதிக்கும் பேரிங்கில் தங்கிய ஆயில் கரியாகிவிடும். கடைசிச் சுற்றை நிதானமாக ஓட்டி, பிட்டில் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதே வழக்கம். அதற்குள் இறங்கி ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாம்.