ஆப்பரேஷன் பிள்ளைப்பேறும் பத்தியச் சோறும்



முன்பு பிள்ளைப்பேறு என்றால் லயத்து வீட்டிலோ எஸ்டேட் ஆஸ்பத்திரியிலோ நடக்கும். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுப்பதும் சாதாரணமாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பெண்ணுக்கு நாம் போடுகிற சோறு இன்னும் பாட்டி காலத்துச் சோறுதான். அதில் நல்லதும் உண்டு, கெடுதலும் உண்டு. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சாதாரணப் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு அரை லிட்டர் வரை இரத்தம் போகலாம். ஆப்பரேஷனில் ஒரு லிட்டர் வரைகூடப் போகும். அதோடு தோல், கொழுப்பு, கர்ப்பப்பை என்று அறுத்த இடமெல்லாம் திரும்பக் கூட வேண்டும். பால்மரம் சீவியவர்களுக்கு இது விளங்கும். காயம்பட்ட பட்டை மறுபடி வளர மரத்துக்கு உரம் வேண்டும் அல்லவா? மனித உடம்புக்கு அந்த உரம் புரதச் சத்து. இதுபோக, தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதல் சாப்பாடு தேவை.

இப்போது நாம் கொடுப்பதைப் பாருங்கள். மிளகு ரசம், சோறு, கொஞ்சம் பூண்டு. மூன்று வேளைச் சோற்றையும் சேர்த்தால் புரதம் சுமார் 15 கிராம்தான் வரும். அவளுக்கு வேண்டியது 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. உள்ளங்கை அளவு மீன் துண்டில் 20 கிராம் வரை இருக்கிறது. ஆனால் முட்டை "சூடு", மீன் "புண்ணு சீழ் வைக்கும்", கோழி "அரிப்பு" என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளி வைத்து விடுகிறோம்!

சில வருடங்களுக்கு முன் எங்கள் டிவிஷனில் ஒரு பெண்ணுக்கு ஆப்பரேஷனில் ஆண் பிள்ளை. பத்தாம் நாள் புருஷன் மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். தையலின் ஒரு ஓரம் விட்டு, சீழ் கட்டியிருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னம்மா சாப்பிடுறே?" என்று கேட்டேன்.

"ரசம் சோறு ஐயா, பூண்டு வறுவல். வேற ஒண்ணும் ஆகாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க."

"தண்ணி?"

"காலையில அரை கிளாஸ் சுடுதண்ணி, ராத்திரி அரை கிளாஸ்."

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரத்தத்தின் அளவு 8தான் இருந்தது. புண்ணைத் திறந்து, தினமும் கழுவிக் கட்டி, ஆறுவதற்கு வாரக்கணக்காயிற்று. புண்ணில் சீழ் வைப்பது கிருமியால்தான். இனிப்பு நீர் இருந்தாலும், உடம்பு அதிகப் பருமனாக இருந்தாலும் வரலாம். எல்லாப் பழியையும் ரசத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் சத்தில்லாத உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போட முடியாது. அந்த அத்தையும் கெட்டவர் இல்லை. மருமகளுக்காக விடியற்காலை எழுந்து பூண்டு உரித்தவர்தான்.

முட்டையும் மீனும் கோழியும் புண்ணில் சீழை உண்டாக்குவதில்லை. அரிப்பு என்பது பெரும்பாலும் தோல் கூடும்போது வருகிற அரிப்புதான். முன்பே இறால் சாப்பிட்டால் தடிப்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாதவர் என்று இருந்தால் மட்டும் அதை நிறுத்துங்கள். மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

பத்தியத்தில் நல்லவை எவை என்றும் சொல்ல வேண்டும்.  நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டும் நல்லதே, ஆனால் அது கறிக்குத் துணையாக இருக்கட்டும், கறியே அதுவாக இருக்க வேண்டாம். செலவு அரைத்து வைக்கிற குழம்பில் நான்கு துண்டு மீனோ நாட்டுக் கோழியோ போட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? கருவாடு கொஞ்சமாகப் போடலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.

நம் மலாய்க்கார அண்டை வீட்டார் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு ஹாருவான் மீன் சூப் வைத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீனர்களும் கொடுக்கிறார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் விரால் மீன்தான். புண் ஆற அது நல்ல புரதம். பாட்டிலில் அடைத்து விற்கிற சாற்றுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை, மீனாகவே வாங்கிச் சமையுங்கள். விரால் கிடைக்காவிட்டால் கெம்போங் மீன் போதும். அதுவும் விலை ஏறிவிட்டதென்றால் முட்டை, தவு, தெம்பே, பருப்பு, நெத்திலி. ஒன்று மட்டும் சொல்கிறேன். புல்லுக்கு மருந்து அடிக்கிற வெளிக்காட்டு வாய்க்காலில் பிடித்த மீனைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. "தண்ணி குடிச்சா வயிறு தொங்கிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லி வாயைக் கட்டுகிறார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தாய் குடிக்காவிட்டால் அவள் உடம்பு வறண்டு போகும். மலம் இறுகும், முக்கும்போது தையல் வலிக்கும், மூத்திரக் கடுப்பும் வரும். இன்னும் ஒன்று, ஆப்பரேஷன் ஆனவர்களுக்குக் காலில் இரத்தம் உறைகிற ஆபத்து இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அந்த ஆபத்து கூடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்து, தாகம் எடுக்கும்போதெல்லாம், பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் குடிக்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்தான் பிடிக்கும் என்றால் சுடுதண்ணீரே குடிக்கட்டும்.

கீரையும் பழமும் "குளிர்ச்சி" என்று தள்ளுவதும் சரியில்லை. பழுத்த பப்பாளி, கொய்யா, ஆரஞ்சு கொடுங்கள். புண் ஆற வைட்டமின் சி வேண்டும். முருங்கைக்கீரை, பாயாம் கீரை கொடுங்கள், மலம் இளகும். ஆனால் இரத்தம் ஊறுவதற்குக் கீரையை மட்டும் நம்ப வேண்டாம். கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் கொஞ்சமாகத்தான் சேரும். ஈரல், இறைச்சி, நன்றாக வெந்த கெராங் இவற்றில் உள்ளது சீக்கிரம் சேரும். (ஈரல் பிள்ளை பெற்ற பிறகுதான். மாசமாக இருக்கும்போது அதிகம் வேண்டாம்.)

ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரையை விடாமல் போட வேண்டும். தே தண்ணியோடு விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். தேயும் காப்பியும் மாத்திரைக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். ஒரு சின்ன எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து, அதோடு போடுவது நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்.

பிராந்தி, கறுப்புத் தண்ணி என்கிற ஸ்டவுட் கொடுத்தால் உடம்பு தேறும் என்று சில வீடுகளில் இன்னும் கொடுக்கிறார்கள். அது பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போகும். தயவுசெய்து வேண்டாம். கெட்டிப்பால் கரைத்த மைலோவையும் சத்து என்று நினைத்து டம்ளர் டம்ளராகக் கொடுக்கிறோம், அதில் பாதி சீனி. மாசமாக இருக்கும்போது இனிப்பு நீர் வந்தவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், சீனி ஏறினால் புண் ஆறாது. அவர்கள் பிள்ளை பெற்ற ஆறாவது வாரம் மறுபடியும் சீனிப் பரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். அதற்கு முன் 60 நாள்தான். ஆம்பிளைகளுக்கும் 7 நாள் விடுமுறை உண்டு, ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தம்பிமார்களே, அந்த ஏழு நாளைக் கடைப்பக்கம் கழிக்காமல், மீன் வாங்கி வந்து அடுப்பில் வையுங்கள். ஒரு குழம்பு வைக்க யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்க்கும்போது கூச்சப்பட்டுத் தையலை மறைக்காதீர்கள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். காய்ச்சல், தையலில் சீழ் அல்லது நாற்றம், தையல் விடுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சு முட்டுதல், அதிகமாக இரத்தம் போதல் இவற்றில் எது வந்தாலும் மிஸ்ஸிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிங்க் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.