பெயரை மாற்றலாம், சுழியை மாற்ற முடியுமா?

மக்கா, “பிடிபட்ட திருடன் பொய்ப் பெயர் சொன்னா, பழைய வழக்கைப் போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?” என்று ராதாபுரத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டிருக்கிறாள். சபாஷ்! பெரியவர்களுக்கே தோன்றாத கேள்வி.

நம்ம பக்கம் எத்தனை இசக்கி, எத்தனை சுடலை! உண்மைப் பெயரைச் சொன்னாலே ஆளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால்தான் போலீஸ் விரலைப் பார்க்கிறது.

உன் கட்டைவிரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். கோடுகள் தெரிகிறதா? நடுவில் வட்டம் வட்டமாக இருந்தால் அது சுழி. அம்மா வயிற்றிலேயே உருவானது. நீ வளர்ந்தாலும் மாறாது.

1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் ஒன்று தொடங்கியது. உலகத்தின் முதல் சில அலுவலகங்களில் ஒன்று! ரேகை அட்டைகள் குவிந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினால் விடிந்துவிடும். என்ன செய்வது?

அங்கே வேலை பார்த்த அசிசுல் ஹக் இதற்கு ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஒரு விரலில் சுழி இருக்கும், அல்லது இருக்காது. ஆக 2 வகை. இரண்டு விரலுக்கு 4. மூன்றுக்கு 8. இப்படியே இரட்டித்துக்கொண்டே போ. பத்து விரலுக்கு? 1024! அட்டைகளை அத்தனை அறைகள் கொண்ட அலமாரியில் பிரித்து வைத்தார்கள். ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு என்று தெரிந்தால், ஒரு பிள்ளையைத் தேடிப் பள்ளி முழுக்க அலைவோமா? நேரே அந்த வகுப்புக்குப் போவோம். அதேதான். புரிந்ததா?

கூடவே உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். ஆனால் அந்த முறைக்கு மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரை வைத்துவிட்டார்கள்! எனக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது அந்த அலமாரி கணினிக்குள் போய்விட்டது. 2022-ல் வந்த ‘நாஃபிஸ்’ நாடு முழுவதற்குமான ரேகைக் களஞ்சியம். அதில் பதிவாகும் ஒவ்வொருவருக்கும் 10 இலக்க எண் உண்டு. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். வள்ளியூரில் பிடிபட்டவருடைய ரேகை மும்பையில் முன்பே பதிவாகியிருந்தாலும் அகப்பட்டுவிடும். ஆனால் கணினி, “இவராக இருக்கலாம்” என்றுதான் காட்டும். ரேகை நிபுணர் கண்ணால் பார்த்துத்தான் உறுதி சொல்வார்.

பதிவில் இருப்பவர் எல்லாம் குற்றவாளியா? இல்லை, மக்கா. வழக்கு வந்தது என்று பதிவு சொல்லும். குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம்தான் சொல்லும்.

சரி, ஒரு தாளை எடு. வலது கட்டைவிரலில் தொடங்கி, சுழி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று பத்து விரலுக்கும் எழுது. அதுதான் 1024-ல் உன் அறை. உன் சிநேகிதியும் அதே அறைதானா என்று பார்த்து எழுதி அனுப்பு!