காது மடலில் ஊசி: முதுமை மறதி நீங்குமா?

பெற்றோரின் நினைவு தடுமாறத் தொடங்கியதும், காதில் ஊசி குத்தும் வைத்தியத்தை நாடும் குடும்பங்கள் எம்மிடையேயும் உள்ளன. அதன் மூலம் சீனா என்றே பலரும் எண்ணுவர். ஆனால் இன்றுள்ள காது வரைபடத்தை 1950களில் வகுத்தவர் பிரான்சின் லியோன் நகர வைத்தியர் போல் நோஜியே. கால் நரம்பு வலிக்காகக் காதிற் சூடு வைத்துக்கொண்டு சுகமடைந்த நோயாளர் சிலரைக் கண்டு, கருவில் தலைகீழாய்க் கிடக்கும் சிசுவைப் போல உடல் முழுவதும் காது மடலில் பதிந்துள்ளது என்றார் அவர். சீனர் அதனைப் பின்னர் தமதாக்கிக் கொண்டனர்.

காதின் உட்குழிவில் வேகஸ் நரம்பின் கிளையொன்று பரவியிருப்பது மெய்யே. எனினும், நரம்பு மூளைக்குச் செல்கிறது என்பதால் அழிந்த மூளைக் கலங்கள் மீளும் என்று கொள்வது பெரும் பாய்ச்சல். அல்சைமர் நோயில் மூளையிற் படியும் புரதங்களை ஊசி கரைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. நாட்பட்ட வலி குறித்து மெல்சாக், கட்ஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்விலேயே, காதின் 'சரியான' புள்ளியைத் தூண்டியதும் போலிச் சிகிச்சையும் ஒரே பலனைத்தான் தந்தன.

ஊசியால் முதியவரின் மனம் சற்று அமைதியுறுமாயின் அதைக் குறை கூறுவதற்கில்லை. காலம் கடத்துவதே ஆபத்து. தைரொயிட் சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்தபின் மண்டையோட்டினுள் மெல்லக் கசியும் இரத்தம் ஆகியனவும் மறதியாகவே வெளிப்படும். காலத்தோடு கண்டறிந்தால் இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடக்கூடியதை, மாதக்கணக்கில் ஊசிக்கூடத்தில் தேடுவானேன்?

புலம்பெயர்ந்த முதியோருக்கு இன்னுமொரு இடர் உண்டு. நினைவுச் சோதனையை ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ நடத்தினால், நோயில்லாத அப்பாச்சியும் அதில் தோற்றுவிடுவார். பிற்காலத்திற் கற்ற மொழி முன்னதாக நழுவிப்போவதும் உண்டு. ஆகவே மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். பேரப்பிள்ளையை அருகில் இருத்தி ஒப்பேற்றுவது சோதனையாகாது. பாட்டி தடுமாறும்போது பிள்ளை பதிலை எடுத்துக் கொடுத்துவிடும்!

காதைக் கவனிக்க வேண்டியது வேறொரு காரணத்துக்காக. லான்செட் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, மாற்றியமைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளுள் செவிப்புலன் குறைவும் ஒன்று. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கேட்கும் கருவி எல்லாருக்கும் உதவவில்லை. ஆனால் மறதிக்கான ஆபத்து மிகுந்திருந்த முதியோரிடம், மூன்றாண்டுகளில் அறிவாற்றல் தேய்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தை நாளுக்குநாள் கூட்டிவரும் அப்பு வீட்டிலிருந்தால், அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் செல்கையில் செவிப் பரிசோதனைக்கும் கடிதம் கேளுங்கள்.