கைம்பெண்ணின் பங்கு

நவம்பர், இறந்த விசுவாசிகளை நாம் நினைவுகூரும் மாதம். கல்லறைகளை மந்திரிக்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம், திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். நல்லதே. ஆனால் இறந்தவருக்காக மன்றாடும் நாம், அவர் விட்டுச்சென்ற குடும்பத்தில் அடுப்பு எரிகிறதா என்று கேட்கிறோமா?

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் மனக்குறைகளுள் ஒன்று கைம்பெண்களைப் பற்றியது. அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு வந்தது (திப 6). திருத்தூதர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவில்லை. ஸ்தேவான், பிலிப்பு முதலிய எழுவரை அப்பணிக்கென்றே ஏற்படுத்தினார்கள். கைம்பெண்ணின் பங்கு அவள் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும் திருப்பணியே.

நமது விருதுநகர் மாவட்டத்திற்கு இது மிகவும் பொருந்தும். முதலிப்பட்டி (2012), அச்சங்குளம் (2021), ரெங்கபாளையம் (2023), சின்னக்காமன்பட்டி (2025) என்று பட்டாசு வெடிவிபத்துகளின் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. கடனுக்கும் காரியத்துக்கும் அது கரைந்துவிடுகிறது. மாதந்தோறும் வரவேண்டிய ஓய்வூதியம் அதினின்று வேறு என்பதும், நிவாரணம் பெற்றதால் அந்த உரிமை போய்விடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

முதலாவது, வருங்கால வைப்பு நிதியைச் சார்ந்த 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம். பணியில் இருக்கும்போது தொழிலாளி எக்காரணத்தால் இறந்தாலும், ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலே துணைவருக்கு ஓய்வூதியம் உண்டு. மனைவியை இழந்த கணவருக்கும் உண்டு. பட்டாசு ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்வதால் இதையும் நினைவில் கொள்வோம். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. அத்துடன் ஒரு நேரத்தில் இரு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, தலா அதில் கால் பங்கு கிடைக்கும். இதற்கான விண்ணப்பம் படிவம் 10-டி.

இரண்டாவது, ஈ.எஸ்.ஐ. வேலையினால் ஏற்பட்ட விபத்தில் இறந்தால், சராசரி நாட்கூலியில் 90 விழுக்காடு குடும்பத்திற்குரிய முழு உதவித்தொகை. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு. மொத்தம் முழுத்தொகையை மீறினால் எல்லாப் பங்கும் அதற்கேற்பக் குறையும். நாட்கூலி 600 ரூபாய் என்று கொள்வோம். முழுத்தொகை 540. மனைவி மட்டும் என்றால் நாளுக்கு 324 ரூபாய்; ஒரு பிள்ளையும் இருந்தால் முழு 540 ரூபாயும் அவ்வீட்டுக்கு வரும். மனைவி மறுமணம் செய்யும்வரை அவரது பங்கு தொடரும்.

மூன்றாவது, அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை. தமிழகத்தில் 1975 முதல் உள்ளது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இது ஏழ்மைக்கான உதவி. முதல் இரண்டும் அப்படியல்ல. இறந்தவர் தம் உழைப்பால் ஈட்டி வைத்தவை. அவற்றைக் கேட்பது கையேந்துவதாகாது.

ஆனால் அந்த இரண்டும் பெயர்ப்பதிவைப் பொறுத்தவை. வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தம் பெயர் வைப்பு நிதியிலும் ஈ.எஸ்.ஐ.யிலும் ஏறியுள்ளதா என்று இன்றே விசாரிக்கட்டும். பதியாமல் விட்டது தொழிலாளியின் குற்றமல்ல. கூலிச் சீட்டு, அடையாள அட்டை, உடன் உழைத்தோரின் சாட்சியம் இவற்றைக் கொண்டு அலுவலகத்தில் முறையிடலாம். படித்துக் காட்டப்படாத தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

பெயர்க் குழப்பம் இன்னொரு தடை. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஆலைப் பேரேட்டில் மற்றொரு பெயர் என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். உயிரோடிருக்கும்போதே இவற்றைச் சரிசெய்வோம். திருமணத்தை அரசுப் பதிவேட்டிலும் பதிவோம்.

அன்பியங்களே, வின்சென்ட் தே பவுல் சபையினரே, துக்க வீட்டில் செபமாலை சொல்லிவிட்டு எழுந்து வருவதோடு நம் கடமை முடிவதில்லை. இறப்புச் சான்றிதழ் முதல் முதல் மாத ஓய்வூதியம் வரை அச்சகோதரியோடு அலுவலகம் சென்றுவர இருவரைக் குறித்துக் கொடுங்கள். நேர்மையற்ற நடுவனிடம் ஓயாது நீதி கேட்ட கைம்பெண்ணை ஆண்டவர் நமக்கு எடுத்துக்காட்டாக வைத்தார் (லூக் 18). நம் கைம்பெண்கள் அந்த வாசலில் தனியாக நிற்காதிருக்கட்டும்.