குழந்தைகளின் குருதிச்சோகையும் அலுமாரியில் உறங்கும் பைக்கற்றுகளும்

நிறைமாதத்தில் பிறக்கும் ஆரோக்கியமான குழந்தை, ஏறத்தாழ முதல் ஆறு மாதங்களுக்குப் போதுமான இரும்புச்சத்தைத் தாயின் கருவறையிலேயே சேமித்துக்கொள்கின்றது. தாய்ப்பாலிலுள்ள இரும்புச்சத்து இலகுவில் உறிஞ்சப்படக்கூடியதாயினும் அதன் அளவு சொற்பமே. ஆறு மாதங்களின் பின்னர் சேமிப்புத் தீர்ந்துபோக, வளரும் உடலினதும் மூளையினதும் தேவையோ அதிகரிக்கின்றது. வெறும் சோற்றையும் கஞ்சியையும் ஊட்டி இவ்விடைவெளியை நிரப்பிவிட முடியாது. குறைமாதத்தில் அல்லது நிறை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குச் சேமிப்பே குறைவென்பதால், வைத்திய ஆலோசனையுடன் இன்னும் முன்னதாகவே இரும்புச்சத்துத் துளிகளை ஆரம்பிக்க வேண்டியுள்ளது.

குழந்தை வெளிறத் தொடங்குவதற்கு முன்னரே மூளை வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும் என்பதே இதிலுள்ள பாரதூரமான விடயமாகும். பின்னர் இரும்புச்சத்து வழங்கினாலும் அப்பாதிப்பு முற்றாக நீங்குமென்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவேதான், குருதிச்சோகை 40 சதவீதத்தை எட்டிய பிரதேசங்களில் 6 முதல் 23 மாதங்கள் வரையான குழந்தைகளுக்கு நாளாந்தம் 10 முதல் 12.5 மில்லிகிராம் இரும்புச்சத்தை வருடத்தில் தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு வழங்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2016 இல் பரிந்துரைத்தது.

எமது நாட்டில் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஊடாக நுண்போசணைத் தூள் பைக்கற்றுகள் வழங்கப்பட்டு வருகின்றன. ஆயினும் மலம் கறுக்கின்றது, குழந்தைக்கு ஒத்துவரவில்லை என்ற அச்சத்தினால் அவை பல வீடுகளில் அலுமாரியிலேயே கிடப்பதை நாம் அறிவோம். மலம் கறுப்பது இரும்புச்சத்தின் இயல்பான விளைவேயன்றி நோயல்ல. ஆறிய, மசித்த உணவின் முதற் சில கரண்டிகளில் தூளைக் கலந்து அரைமணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். கொதிக்கும் உணவிலோ பாலிலோ கலத்தல் கூடாது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் இறைச்சியும் மீனும் பல குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகிவிட்டன. எனினும் சிறிதளவு ஈரலோ நெத்தலியோ கிடைத்தாலும் பயனுண்டு. சைவ போசனக் குடும்பங்களில் பருப்புடனும் கீரையுடனும் சில துளி தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் உறிஞ்சல் கூடும். தேநீரில் தோய்த்த பிஸ்கட்டை ஊட்டும் வழக்கமோ, மலையகத்தில் மட்டுமன்றி எங்கும் காணப்படுவது, நேர்மாறான விளைவையே தருகின்றது. தேயிலையிலுள்ள தனின் இரும்புச்சத்தைத் தடுத்துவிடுகின்றது.

குருதிச்சோகை யாவும் இரும்புக் குறைபாட்டினால் ஏற்படுவதுமில்லை. தலசீமியா உள்ள குழந்தைக்கு வைத்தியரின் பரிசோதனையின்றி இரும்புச்சத்து மருந்து கொடுத்தல் தீங்காகலாம். கர்ப்பிணித் தாய்மாருக்கு வழங்கப்படும் மாத்திரைகளையும் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் அவசியம். இனிப்பென எண்ணிச் சிறுபிள்ளையொன்று அவற்றில் பலவற்றை விழுங்கினால் உயிராபத்து நேரிடக்கூடும்.