கடைவீதிக் கணக்கு – 9: துருவின் முகவரி

மதுரை கிழக்கு மாசி வீதியில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தரை கழுவத்தான் முதல் ஆள் இறங்குவார். வாளித் தண்ணீரை வீசி ஊற்றி, துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளி, படிக்கட்டில் கோலம் போட்ட பிறகே கல்லாவுக்குச் சாவி வரும். தள்ளிய தண்ணீர் முழுவதும் வாசலுக்கு வந்து சேர்வதில்லை. அதில் ஒரு பங்கு ரேக்குகளின் அடியில் ஒதுங்கிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. தண்ணீர் காய்ந்த பிறகு உப்பு மட்டும் அங்கேயே தங்கும். மறுநாள் ஊற்றும் தண்ணீர் அதையும் கரைத்துக்கொண்டு இன்னும் உப்பாகும்.

ரேக்கின் கால் சதுரக் குழாயாக இருந்தால், அதன் உட்புறத்துக்குப் பெயின்ட் போயிருக்காது. அடியிலிருந்து ஏறும் ஈரம் உள்ளே இருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே வண்ணம் பளபளப்பாகவே இருக்கும். ஒருநாள் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் பெயின்ட் லேசாகப் புடைத்திருப்பதைக் கடைக்காரர் பார்ப்பார். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அது மறுபக்கம் வந்துவிடும்.

கடையில் நிற்கும் தகட்டுச் சாமான்களின் ஆயுளை வாடிக்கையாளர் பார்க்கும் முகப்பு தீர்மானிப்பதில்லை. கால் அடி, மடிப்பின் உள்மூலை, வெல்டிங் வைத்த இடம், திருகு இறங்கிய ஓட்டை ஆகிய நான்கு இடங்களில்தான் அது முடிவாகிறது. பட்டறைக்குப் போகும் வியாபாரி முதலில் விலையைக் கேட்கிறார், அடுத்து கலரைக் கேட்கிறார். இந்த நான்கு இடங்களைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்டால் கூடுதலாகும் செலவு சொற்பம். காலுக்கு நைலான் அடி வைத்த திருகுப் பாதம் போட்டு, கடைசித் தட்டைத் தரையிலிருந்து நான்கு அங்குலமாவது தூக்கி வைக்கச் சொன்னால் துடைப்பமும் உள்ளே போகும், ஈரமும் காயும். குழாயின் அடியைப் பிளாஸ்டிக் மூடியால் இறுக்கி அடைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மேலே எங்காவது ஓட்டை இருந்தால் அந்த மூடியே தண்ணீரைத் தேக்கி வைக்கும் கிண்ணமாகிவிடும்.

தகட்டு அலமாரிகள் கடைவீதிக்குப் புதியவை. சென்ற வாரம் பார்த்த தேக்குப் பலகை அலமாரிகள்தான் நெடுங்காலம் ஆண்டன. கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923இல். ஓட்டை போட்ட ஆங்கிள்களை நட்டு போல்ட்டால் இணைத்து எவரும் ரேக் பூட்டலாம் என்ற முறையை லண்டனில் டெமெட்ரியஸ் கொமினோ என்ற பொறியாளர் 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று மதுரை மளிகைக் கிட்டங்கி முதல் மருந்துக் கடை வரை நிற்கும் ஆங்கிள் ரேக்குகள் அந்த வம்சம்தான்.

இனி தகட்டுக்கு வருவோம். பட்டறையில் தடிமனைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. பெயின்ட் அடித்த பிறகு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தராசு காட்டிக்கொடுத்துவிடும். 8 அடிக்கு 4 அடி இரும்புத் தகடு 1 மில்லிமீட்டர் தடிமனில் 23 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். அதுவே 0.8 என்றால் 18.7 கிலோதான். தட்டை எடைபோட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் தடிமன் ஒன்றே பலம் ஆகாது. முன்விளிம்பை ஒன்றரை அங்குலம் கீழே மடித்து, அதை மறுபடி உள்ளே மடித்த 22 கேஜ் தட்டு, மடிப்பில்லாத 18 கேஜ் தட்டைவிடக் குறைவாகத்தான் தொய்யும். இரண்டாவது மடிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு: வெட்டிய விளிம்பின் பிசிறு உள்ளே மறைந்துவிடும். விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளில் இது பெரிய விஷயம். பிசிறில் மாட்டி நூல் இழுபட்ட சுங்குடிச் சேலையை யாரும் வாங்க மாட்டார்கள். வெள்ளை வேட்டியில் துருக்கறை பட்டால் வீட்டு சோப்பில் போகாது. ஜவுளிக்காரருக்கு எடை தாங்கும் தட்டைவிட வழவழப்பான விளிம்பு முக்கியம்.

உலோகத்தில் மூன்று ரகம் புழங்குகிறது. முதலாவது சி.ஆர். தகடு. குளிர் நிலையில் உருட்டிய சாதா இரும்பு. வழவழப்பாக இருக்கும், நன்றாக மடியும், பெயின்ட் அழகாகப் பிடிக்கும். ஆனால் தன்னைக் காத்துக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. பூச்சுதான் அதன் உயிர்.

இரண்டாவது ஜி.ஐ. இரும்பின் மேல் துத்தநாகம் பூசும் இந்த முறைக்கு பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் 1837இல் காப்புரிமை பெற்றார். துத்தநாகத்தின் அருமை கீறல் விழுந்த பிறகுதான் தெரியும். பக்கத்தில் இரும்பு வெளியே தெரிந்தால், துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பெயின்ட் அதைச் செய்யாது. எவ்வளவு நாள் காக்கும் என்பது பூச்சின் கனத்தைப் பொறுத்தது. 120 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம், அதாவது பக்கத்துக்கு எட்டரை மைக்ரான். மலிவான தகடுகளில் அது பாதியாகக்கூட இருக்கும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் ஆவியாகிப் போய்விடும். அங்கே துத்தநாகப் பெயின்ட் தொட்டு வைக்காத ஜி.ஐ. ரேக்குக்கும் சாதா இரும்புக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் புகையைச் சுவாசிக்கும் வெல்டருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். காற்றோட்டம் இல்லாத பட்டறைகளில் இதைக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பது வேதனை.

மூன்றாவது எவர்சில்வர். குழப்பம் அதிகம் உள்ள ரகமும் இதுதான். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைச் செய்தார். சேலம் உருக்காலை 1981இல் உற்பத்தியைத் தொடங்கியபின் தமிழ்நாட்டிலேயே தகடு கிடைத்தது. குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி அதைக் காக்கும். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 ரகத்தில் நிக்கலைப் பாதியாக்கி மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், அதனால் மலிவு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைவீதியில் ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. 202இலும் காந்தம் ஒட்டாது. மாறாக, அசல் 304ஐ வளைத்து மடித்த மூலையில் காந்தம் லேசாக இழுக்கும். 430 என்ற ரகத்தில் நன்றாகவே ஒட்டும். உலர்ந்த இடத்துக்கு அது மோசமில்லாத ரகம். ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குவதும், சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும்தான் வழி.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அந்தப் பூ வாடாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தபடி இருக்க வேண்டும். அங்கே பெயின்ட் அடித்த தட்டு நிற்காது; 304தான் சரி. காரமும் முறுக்கும் விற்கும் கடையிலும் அப்படியே, ஏனென்றால் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் எவர்சில்வர் கவுன்டரைத் துடைப்பது காசு கொடுத்துத் துருவை வாங்குவதுதான். இரும்புக் கம்பிநாரால் தேய்ப்பதும் கூடாது. நாரின் துகள் பதிந்து, அந்தத் துகள்தான் முதலில் துருப்பிடிக்கும். இரும்பு அறுக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் எவர்சில்வர் வேலை நடந்தாலும் இதே கதி. எவர்சில்வர் பலகையில் சாதா இரும்புத் திருகு போட்டால், ஈரம் பட்டதும் திருகு வேகமாகக் கரைந்து பலகையில் செம்பழுப்புக் கண்ணீர்க் கோடு இறங்கும்.

பூச்சு என்றால் இன்று பெரும்பாலும் பவுடர் கோட்டிங். மின்னேற்றம் பெற்ற பொடியைத் துப்பாக்கியால் தூவ, எர்த் கொடுத்த தகடு அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகி, 60–80 மைக்ரான் கனத்தில் ஒரே தோலாகப் படியும். எல்லாப் பட்டறையிலும் பொடி ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். வேறுபாடு அதற்கு முன்னால் இருக்கிறது. எண்ணெய் நீக்கி, அலசி, துரு நீக்கி, அலசி, பாஸ்பேட் கரைசலில் முக்கியெடுக்கும் வேலையை ‘ஏழு டேங்க்’ என்பார்கள். தகட்டின் மேல் பாஸ்பேட் படிகம் படர்ந்தால்தான் பொடி வேர்விடும், கீறலுக்கு அடியில் துரு பரவுவதும் மட்டுப்படும். டேங்கைத் தவிர்த்துத் தின்னர் துணியால் துடைத்து அடித்த ரேக்கும் முதல் மாதம் அதே அழகோடுதான் இருக்கும். முதல் ஐப்பசி மழைக்குப் பிறகு தோல் தோலாக உரியும். ஆகவே வியாபாரி நிறப்புத்தகத்தைப் புரட்டும் முன்பு டேங்குகளை நேரில் பார்க்கக் கேட்க வேண்டும்.

பவுடருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆழமான உள்மூலைக்குள் மின்புலம் நுழையாது. பொடி வாசலிலேயே ஒட்டிக்கொண்டு மூலையை வெறுமையாக விட்டுவிடும். கூரான விளிம்பிலும் உருகும்போது பின்வாங்கி மெலியும். அதனால் விளிம்பை எமரியால் உருட்டிவிட்டு, உள்மூலைக்கு முதலில் தூவச் சொல்வது நல்லது. சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம் கீறி டேப் ஒட்டிப் பிய்த்தால் கட்டங்கள் அசையக் கூடாது.

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது கடைக்கு வெளியே எடுத்து வைக்கும் ஸ்டாண்டுகளுக்கு பாலியஸ்டர் பவுடர் கேட்க வேண்டும். எபாக்சி வகைப் பவுடர் வெயிலில் சுண்ணாம்புபோல் வெளிறிவிடும். சொரசொரப்பு முகம் கீறலை மறைக்கும் என்று இப்போது பலர் அதையே விரும்புகிறார்கள். துணிக்கடைக்கு அது சரி. மசாலாப் பொடி பறக்கும் கடையில் அந்தக் குழிகளில் மஞ்சள் ஏறி உட்கார்ந்தால் வெளுக்கவே வெளுக்காது.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தன. அதன்பின் கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. 2020 தீபாவளி அன்று அதிகாலை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக் கடைத் தீயை அணைக்கப் போன இரு தீயணைப்பு வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து இறந்தார்கள். நெருக்கமான பழைய நகரத்தில் தட்டும் முதுகுப் பலகையும் தகடாக இருந்தால் தீக்கு உணவு குறையும். அதற்காக இரும்பு தீயைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. 550 டிகிரியை ஒட்டி அதன் பலம் பாதியாகிவிடும்; சரக்கோடு ரேக் சரியும்.

நகரத்தைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. பெரியாறு அணை 1895இல் திறந்தபின் கால்வாய்ப் பாசனம் பெற்ற மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் உரக்கடைகள் அதிகம். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. மூட்டை ஓட்டை வழியே சிந்தினால் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அமோனியம் சல்பேட் துத்தநாகத்தையும் விடாது. நகரத்து மளிகைக் கடையில் நன்றாக உழைக்கும் ஜி.ஐ. தட்டு இங்கே வெள்ளைப் பூஞ்சைபோல் பூத்து வீணாகும். மூட்டைகள் மரச் சட்டத்தின் மேல் இருக்க வேண்டும், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பூச்சிமருந்துப் பாட்டில்களுக்கான ரேக்கை சி.ஆர். தகட்டில் செய்து, ஏழு டேங்கில் முக்கி, எபாக்சி பவுடர் அடிக்கலாம். வெயில் படாத உள்ளறையில் ரசாயனத்தைத் தாங்குவதில் பாலியஸ்டரைவிட எபாக்சியே மேல். தட்டுகளை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் பூட்டினால், அரித்த ஒரு தட்டை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அடியில் இருக்கும் தட்டுக்கு ஒரு மாற்றுத் தட்டைச் சேர்த்தே ஆர்டர் கொடுப்பது புத்திசாலித்தனம்.

(அடுத்த வாரம்: கண்ணாடிக் கவுன்டர்கள்)